கழுகு பார்க்க ஸ்பெயின் வரைக்கும்

லீவுக்கு ஸ்பெயின் போயிருந்தோம். மொன்ஃப்ராக்வே தேசியப் பூங்காவில் ரோட்டோரம் நின்றாலே போதும், தாகோ ஆற்றுக்கு எதிரே இருக்கிற பெரிய பாறையிலிருந்து கிரிஃபான் கழுகுகள் நம் கண்மட்டத்தில் மிதந்து போகின்றன. முந்நூறு படம் எடுத்தேன். (டிக்கெட் செலவை எழுதவில்லை, ஊரில் அம்மா படிப்பார்கள்.)

"நம்ம டெல்லியில ஏன்பா இந்த மாதிரி இல்ல?" என்றாள் மகள்.

ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தவைதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மூன்று இனங்களில் 95 சதவீதத்துக்கு மேல் போயே போய்விட்டன. 2006-ல் இங்கே கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். இவ்வளவும் தெரிந்தும் 2013-ல் ஸ்பெயின் அதே மருந்துக்கு அனுமதி கொடுத்தது! 'எங்கள் நாட்டில் கண்காணிப்பு இருக்கிறது' என்பது அவர்கள் வாதம். 2020-ல் அங்கேயே ஒரு கருங்கழுகு அந்த மருந்தால் செத்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கும்போது எதற்கு இந்த வம்பு? எனக்குப் புரியவில்லை.

அடுத்த லீவுக்கு மகளை மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே நம்முடையவை கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன.