தாமதத்திற்கு விலை யார் கொடுப்பது?

நோய் தீர்ந்தது, மருத்துவரும் "போகலாம்" என்கிறார். கட்டில் வாடகை மட்டும் ஏறுகிறது. காப்பீட்டுக் கம்பெனியின் ஒப்புதல் வரவில்லையாம்! ஊர்விட்டுப் பெங்களூர் வந்து படிக்கும் நம்மவர் எவரிடம் கையேந்துவது?

2024 மே மாதத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கொரு கடிவாளம் போட்டது. மருத்துவமனை கேட்ட 3 மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தராவிட்டால், அதற்குமேல் ஏறும் கட்டணத்தைக் கம்பெனி தன் பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். பிரீமியம் கட்டியவன் பணத்தில் கை வைக்க முடியாது. சபாஷ்!

ஆனால், தோழர்களே, ஒப்புதல் வேறு, பணம் வேறு. அந்தப் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தால், தெருக்கோடிச் சிறு மருத்துவமனை நர்சுக்கு எதைக் கொண்டு சம்பளம் தரும்? "முன்பணம் கட்டு" என்று நம்மிடம்தான் திரும்பும். ஆகவே, பட்டுவாடாத் தாமதத்துக்கும் நாள் கணக்கில் வட்டியை ஆணையமே விதிக்க வேண்டும். அதுவும் பங்குதாரர் நிதியிலிருந்தே வரவேண்டும்.