வேடந்தாங்கலில் கை தட்டலாமா?

தீபாவளி என்றால் எங்கும் வெடிச் சத்தம். செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலிலோ அமைதி! ஏரிக்கு வந்த நாரைகள் மிரண்டுவிடக் கூடாதாம்.

பாசம் மட்டும் அல்ல, பலனும் உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலில் பாய்ந்தால் அதுவே உரம்! 200 ஆண்டுகளுக்கும் முன்பு வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டுத் தடை உத்தரவே வாங்கிவிட்டார்கள்.

அந்த ஏரிக்கரையில், பார்க்க வருகிற சிலர் கூச்சல் போடுகிறார்கள், கை தட்டுகிறார்கள். பறவை பறந்தால்தான் படம் அழகாக இருக்குமாம்! தாய் பறந்துவிட்டால் குஞ்சின் கதி என்ன? வெயிலில் வாடும். காகம்தான் சும்மா விடுமா?

கரை நெடுகிலும் குழந்தைகளோடு மெதுவாக நடக்கலாம். கோபுரத்தில் ஏறியும் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில், மாலையில், இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும்.