புதுக் காரில் வெளிச்சாமான்: வாரண்டி நிற்குமா, போகுமா?

கார் என்பது ஒரு காலத்தில் மில் முதலாளிக்கும் டாக்டருக்கும் உரிய பொருளாக இருந்தது. இன்று நிலைமை மாறிவிட்டது. தாராவியிலும், செம்பூரிலும், டோம்பிவிலியிலும் குடியிருக்கும் தமிழர்களில் பலர் பாங்கிக் கடனில் கார் வாங்குகிறார்கள். ஒருவர் டாக்சி ஓட்டிப் பிழைக்க வாங்குகிறார். இன்னொருவர் வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு நெல்லைச் சீமைக்குப் போய்வர வாங்குகிறார். இருவருக்கும் மாதத் தவணை வருடக்கணக்கில் நீள்கிறது.

வண்டி வீட்டுக்கு வந்த வேகத்திலேயே சாமான் கடைக்குப் போகிறது. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் இதற்கென்றே வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. சீட் கவர், பெரிய ஹாரன், அதிக வெளிச்சம் தரும் பல்பு, பாட்டுப் பெட்டி, முன்னால் ஒரு இரும்புக் கம்பி என்று ஒவ்வொன்றாக ஏறுகின்றன. பெட்ரோல் விலையை நினைத்து, சிலர் கேஸ் கிட்டும் மாட்டிவிடுகிறார்கள்.

ஆறு மாதம் கழித்து வண்டியில் கோளாறு வருகிறது. சர்வீஸ் சென்டரில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள்: "வெளியே கை வைத்திருக்கிறீர்கள். இனி வாரண்டி கிடையாது."

இப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா? வெளிச்சாமான் மாட்டியவுடன் முழு வண்டிக்கும் உத்தரவாதம் போய்விடுமா? மாதச் சம்பளத்தில் தவணை கட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இரண்டு பேச்சு

சாமான் கடைக்காரர் ஒரு பேச்சுப் பேசுகிறார். "ஒன்றும் ஆகாது சார், தைரியமாக மாட்டுங்கள்" என்கிறார். ஷோரூம்காரர் வேறு பேச்சுப் பேசுகிறார். "வெளியே ஒரு ஸ்க்ரூ மாட்டினாலும் வாரண்டி போச்சு, எங்களிடமே வாங்குங்கள்" என்கிறார். இருவருக்கும் விற்க வேண்டிய சரக்கு இருக்கிறது. இருவர் பேச்சிலும் பாதிதான் உண்மை.

வாரண்டி என்பது கம்பெனி எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள், பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறையால் ஒரு பாகம் கெட்டுப்போனால் அதை இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்பதே அதன் சாரம். தானாகத் தேயும் பொருள்களான பிரேக் பேடு, கிளட்ச் தகடு, வைப்பர் ரப்பர் போன்றவை பொதுவாக இதில் அடங்குவதில்லை. டயருக்கும் பாட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனிகளே பொறுப்பு. வாடகைக்கு ஓடும் வண்டிக்குச் சில கம்பெனிகள் குறைந்த காலமே கொடுக்கின்றன. டாக்சிக்காக வாங்குகிறவர் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். வண்டியில் மாற்றம் செய்தாலோ, கம்பெனி ஒப்புக்கொள்ளாத பாகம் பொருத்தினாலோ, உரிய நேரத்தில் சர்வீஸ் செய்யாவிட்டாலோ பொறுப்பில்லை என்று அதில் போட்டிருப்பார்கள். சண்டை முழுவதும் இந்தப் பொடி எழுத்தில்தான் பிறக்கிறது.

எது எதைத் தொடுகிறது?

நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கெட்டுப்போன பாகத்துக்கும் வெளியே மாட்டிய சாமானுக்கும் சம்பந்தம் உண்டா?

சீட் கவர் போட்ட வண்டியில் கியர் பாக்ஸ் சத்தம் போட்டால், இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. அங்கே வாரண்டி மறுப்பது அநியாயம். ஆனால் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியில் இறுக்கமான கவர் போட்டால், விபத்தின்போது அந்தப் பை விரிவது தடைப்படலாம். அப்போது கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

பல்பு விஷயம் இன்னும் தெளிவானது. பல கார்களில் ஹெட்லைட் பல்பு 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அந்த இடத்தில் 100 வாட் பல்பு போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி போட்ட வயர் அந்தச் சுமைக்குத் தயாரானதல்ல. ஹோல்டர் உருகும், வயர் கருகும். ஹாரனுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் வயரை அறுத்து முடிச்சுப் போடும்போதும் இதே ஆபத்துதான். அதன் பிறகு மின்சாரக் கோளாறு எது வந்தாலும், "வயர் அறுபட்டிருக்கிறது" என்று கம்பெனி கைகாட்டிவிடும். அந்த வாதத்தை முறியடிப்பது கடினம்.

பெரிய டயர் போட்டால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும். சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடும். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரில் கைவைத்து வேகம் கூட்டுகிறவர், எஞ்சின் வாரண்டியை ஏறக்குறைய மறந்துவிட வேண்டியதுதான்.

கேஸ் கிட்

மும்பைத் தமிழ் டிரைவர்களைப் பெரிதும் பாதிப்பது கேஸ் கிட் பிரச்சினை. சி.என்.ஜி.யில் ஓட்டினால் செலவு குறையும் என்பதில் சந்தேகமில்லை. கம்பெனியிலேயே கேஸ் பொருத்தி வரும் வண்டிக்கு விலை அதிகம். ஆகவே சாதாரண பெட்ரோல் வண்டியை வாங்கி, வெளியே கிட் மாட்டிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது.

பாரத் ஸ்டேஜ் 6 பெட்ரோல் வண்டிகளில் 3.5 டன்னுக்கு உட்பட்டவற்றுக்கு இப்படி வெளியே கிட் பொருத்த மத்திய அரசு 2022-ல் அனுமதி கொடுத்தது. ஆனால் அரசு அனுமதி வேறு, கம்பெனி வாரண்டி வேறு. சட்டப்படி மாட்டிய கிட்டாக இருந்தாலும், எஞ்சினுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி சொல்லலாம்.

அதற்கு ஒரு தொழில் காரணமும் உண்டு. கேஸ் எரியும்போது பெட்ரோலில் கிடைக்கும் ஈரப்பசை கிடைப்பதில்லை. வால்வும் அது அமரும் இடமும் சீக்கிரம் தேயும். கம்பெனியிலேயே கேஸுக்காகத் தயாரிக்கும் எஞ்சினில் அந்த இடத்தைக் கெட்டியான உலோகத்தில் செய்கிறார்கள். கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப அமைக்கிறார்கள். வெளிக் கிட் மாட்டிய பெட்ரோல் எஞ்சினில் இந்த ஏற்பாடு கிடையாது.

ஆகவே டாக்சி ஓட்டுகிறவர் கணக்குப் போட வேண்டும். கிட்டில் மிச்சமாகும் பணம் ஒரு பக்கம். வாரண்டிக் காலத்தில் எஞ்சின் வேலை வந்தால் கைக்காசு போட வேண்டிய தொகையும், வண்டி நிற்கும் நாட்களில் இழக்கும் வருமானமும் மறுபக்கம். தவணை மட்டும் நிற்காது.

2014-ம் ஆண்டு உத்தரவு

கம்பெனிகளின் கைதான் எப்போதும் ஓங்கி நிற்கிறதா? அப்படியும் சொல்ல முடியாது.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது ஒரு முக்கியமான உத்தரவைப் பிறப்பித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக, சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார் என்பதற்காகவே வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் கூறியது. வெளியே செய்த தப்பான வேலையால் சேதம் வந்திருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்பது அதன் கருத்து.

இந்த உத்தரவு ரிப்பேரைப் பற்றியது. கூடுதல் சாமான் மாட்டுவதைப் பற்றியதல்ல. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் கோர்ட்டுக்கும் போயின. ஆகவே இதைக் காட்டி சர்வீஸ் சென்டரில் உடனே வென்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம். எனினும் அதில் உள்ள நியாயம் பொதுவானது. சேதத்துக்குக் காரணம் எதுவோ, அதன் அளவுக்குத்தான் தண்டனை இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்று 1975-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. தன் முத்திரை உள்ள பாகத்தையே வாங்க வேண்டும் என்று வாரண்டியோடு முடிச்சுப் போட அங்கே கம்பெனிக்கு உரிமை இல்லை. நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. நுகர்வோர் சட்டத்தின் வழியாகத்தான் நியாயம் கேட்க வேண்டும்.

சட்டத்தின் கண்

வாரண்டியை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை உறுதிப்படுத்தியது.

அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். காரின் முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியும் இந்த 52-வது பிரிவுக்கு விரோதமானது என்று, மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. கடையில் விற்கிறார்கள் என்பதால் மட்டும் ஒரு பொருள் சட்டப்படியானது ஆகிவிடாது.

கேஸ் கிட் என்றால் அரசு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற இடத்தில் மாட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்து பாலிசியில் ஏற்ற வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்டு அலைய வேண்டிவரும்.

காகிதம்தான் ஆயுதம்

இந்தச் சண்டையில் தோற்பவர் பெரும்பாலும் கையில் காகிதம் இல்லாதவர்தான். கடைக்காரர் வாயால் சொன்னது, ஷோரூம் பையன் சிரித்துக்கொண்டே சொன்னது எதுவும் பின்னால் சாட்சிக்கு வராது.

எனவே சாமான் மாட்டும் முன்பே வாரண்டிப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் தெரிந்தவரை வைத்துப் படிக்கலாம். சந்தேகம் இருந்தால் சர்வீஸ் சென்டருக்குக் கடிதமோ ஈ-மெயிலோ அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். மாட்டும் கடையில் பொருளின் பெயர், வாட் அளவு, தேதி குறித்த பில் வாங்க வேண்டும்.

கோளாறு வந்து வாரண்டி மறுக்கப்பட்டால் வாக்குவாதம் செய்து பயனில்லை. "எந்தப் பாகம், எந்தக் காரணத்தால் கெட்டது, நான் மாட்டிய சாமானுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். காரணம் எழுதித்தரத் தயங்குகிறார்கள் என்றால் அதுவே ஒரு தகவல்தான்.

நுகர்வோர் கோர்ட்டு

அதன் பிறகும் வழி உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கே தமிழிலும் பேசலாம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை அது விசாரிக்கும். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். குறை எதனால் வந்தது என்று பார்க்க, பாகத்தைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

வெளியூரில் பிழைக்கும் தமிழருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, தாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். வண்டியைத் திருநெல்வேலியில் வாங்கி மும்பையில் ஓட்டுகிறவர், வழக்குக்காக ரயில் ஏற வேண்டியதில்லை.

"டாக்சி என்பது வியாபாரம், நீ நுகர்வோர் இல்லை" என்று சிலர் பயமுறுத்துவார்கள். தன் கையால் ஓட்டி, சுயதொழிலாக வயிறு கழுவ வாங்கிய வண்டி என்றால் அவரும் நுகர்வோரே என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பல வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிற முதலாளியின் கதை வேறு.

ஆசைப்பட்டு வாங்கிய வண்டியை அலங்கரிப்பதில் தவறில்லை. ஆனால் எந்தச் சாமான் எந்தப் பாகத்தைத் தொடும் என்று தெரிந்து மாட்ட வேண்டும். வயரையும், எஞ்சினையும், எரிபொருளையும் தொடும் வேலைகளை, முடிந்தவரை வாரண்டிக் காலம் கழியும்வரை தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். தள்ளிப்போட முடியாதவர், பில்லையும் கடிதத்தையும் ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பணக்காரன் ஒரு எஞ்சின் போனால் இன்னொன்று வாங்கிப் போடுவான். தவணை கட்டுகிறவனுக்கு அந்த வாரண்டிப் புத்தகம்தான் துணை.