சூப்பர் கண்டக்டர் செய்ய கடற்கரை மணல் போதுமா? சிக்கல் வேறு இடத்தில் இருக்கு!

2025 ஏப்ரல் 4-ம் தேதி, 7 அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. அந்தப் பட்டியலில் இட்ரியமும் கடோலினியமும் உண்டு. மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் உயர் வெப்பநிலை மீக்கடத்தி, அதாவது சூப்பர் கண்டக்டர் நாடா செய்ய இவை போன்ற தனிமங்கள் தேவை.

உடனே ஒரு கேள்வி வரும். வேம்பார் தொடங்கி பெரியதாழை வரை தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் தாது மணல் கிடக்கிறதே, அது போதாதா? 2013-ல் தமிழக அரசு அள்ளத் தடை போட்டதே, அந்த மணல்தான்.

போதாது. மணலில் உள்ள மோனசைட்டில் பெரும்பங்கு சீரியம், லாந்தனம், நியோடிமியம். இட்ரியம் கொஞ்சம்தான். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், இந்த மீக்கடத்தி உலோகமே இல்லை, பீங்கான்.

கருப்பட்டி மாதிரி உடையும்

செம்பை இழுத்தால் கம்பியாகும். வேம்பார் கருப்பட்டியை வளைத்துப் பாருங்கள், என்ன ஆகும்? இதுவும் அதே கதைதான்.

இட்ரியம், பேரியம், செம்பு சேர்மங்களைப் பொடித்து அழுத்தி, 900 டிகிரிக்கு மேல் சுட்டு, ஆக்சிஜனில் மெல்ல ஆறவிட்டால் கறுப்பு வில்லை கிடைக்கும். சுமார் மைனஸ் 180 டிகிரியில் அதன் மின்தடை மறைந்துவிடும். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனே குளிரூட்டப் போதும். வில்லை செய்வது கல்லூரி ஆய்வகத்திலேயே முடிகிற வேலை. வெட்டுவதுதான் பெரும்பாடு.

வைரத்தூள் பதித்த மெல்லிய ரம்பத்தால் அவசரப்படாமல் அறுக்கணும். சூடு தணிக்கத் தண்ணீர் விட்டால் பேரியம் வினைபுரிந்து பொருளே கெட்டுப்போகும். அதனால் எண்ணெய் அல்லது ஆல்கஹால். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தாலும் மின்னோட்டம் அங்கே திணறும். அப்புறம் ஆய்வாளருக்கே சந்தேகம் வரும்: நாம் அளந்தது பொருளின் குணமா, ரம்பம் போட்ட காயமா?

நாம் பின்தங்கியது எங்கே?

அறிவில் இல்லை. 1987-லேயே இந்தச் சேர்மத்தை அடையாளம் காணும் போட்டியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சி.என்.ஆர். ராவ் குழு முன்வரிசையில் நின்றது. அதே ஆண்டு, பிலிப் ஆண்டர்சனுடன் சேர்ந்து இதற்கான கோட்பாட்டை எழுதியவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன்.

உடையும் பீங்கானை வளைய வைக்க உலகம் கண்டுபிடித்த வழி, பூச்சு. தலைமுடி அளவு தடிமனுள்ள உலோக நாடா மேல், ஓரிரு மைக்ரான் தடிமனில் மீக்கடத்தியைப் படிய வைக்கிறார்கள். படிகங்கள் சில டிகிரி திரும்பி உட்கார்ந்தாலே மின்னோட்டம் சரியும். இந்த ஒழுங்கு நூற்றுக்கணக்கான மீட்டருக்குக் குலையாமல் வரணும்.

இவ்வளவு மெல்லிய படலத்துக்கு அரிய மண் எவ்வளவு வேண்டியிருக்கும்? ரொம்பக் கம்மி. எனவே நம் தட்டுப்பாடு மணலில் இல்லை, பூச்சு இயந்திரத்திலும் அதை ஓட்டும் கைப்பழக்கத்திலும்தான். மீக்கடத்தியைக் காரணம் காட்டிக் கடற்கரையைத் தோண்டக் கேட்டால், அந்தக் கணக்கு இடிக்கும்.

நாடா எந்த அளவுக்குத் தேவைப்படும்? 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் காமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனமும் 20 டெஸ்லா காந்தம் ஒன்றைச் சோதித்தன. அந்த ஒரு காந்தத்துக்குள் சுற்றியிருந்தது 267 கிலோமீட்டர்.