மகளுக்குப் பொறியியற் கல்வியா?



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தந்தை ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். "மகள் பொறியியல் படிக்க விழைகின்றாள், சாமி. படிக்க வைத்தால் திருமணம் தள்ளிப்போகுமே என்று அஞ்சுகிறேன்" என்றார். அவருக்குக் கூறியதையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

லலிதா என்னும் பெண், 15 வயதில் மணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராயிருந்த அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், மகளை மூலையில் அமர்த்தவில்லை. 1940-இல் தம் கல்லூரியிலேயே மின்பொறியியல் பயிலச் சேர்த்தார். திரேசியா, லீலாம்மா என்னும் இரு மாணவியரும் கட்டடப் பொறியியல் பயில வந்தனர். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறித்து அச்சிடப்பட்டிருந்த சொல்லை அடித்து, பெண்பாற் சொல்லை எழுத வேண்டியதாயிற்று!

பின்னாளில் லலிதா பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்கடத்தும் பணியில் பங்கேற்றார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

லலிதாவுக்குத் திருமணம் முந்தி வந்தது. ஆயினும் அவரையும் குழந்தையையும் தாங்கியது கல்வியே அன்றோ? அன்று சான்றிதழைத் திருத்தினார்கள். இன்று நாம் திருத்த வேண்டியது நம் எண்ணத்தையே. நகையைக் குறைத்தேனும் மகளைப் படிக்க வையுங்கள்.