துக்க வீட்டுக்கும் ஒரு கூரை

பொது மண்டபம் கட்டப்போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று நகராண்மைக் கழகம் கேட்டால் நம்மவர்கள் என்ன சொல்வார்கள்? ஆயிரம் பேர் உட்கார வேண்டும், மேடை பெரிதாக வேண்டும், குளிர்சாதனம் வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும். எல்லாமே கல்யாணத்தை மனத்தில் வைத்துக் கேட்பவை. நான் முதலில் கேட்பது வேறு. இந்த வட்டாரத்தில் நள்ளிரவில் ஒருவர் இறந்துபோனால் அவரை எங்கே கிடத்துவது?

கல்யாணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே நாள் குறிக்கிறோம். இந்த மண்டபம் கிடைக்காவிட்டால் அடுத்த தாமானில் ஒன்று கிடைக்கும். சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. பொதுப் பணத்தில் எழும் கட்டடம், வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் முதலில் உதவ வேண்டும். துக்க வீட்டுக்காரரைவிட வழியற்றவர் யார்?

ஜொகூர்த் தமிழர்களான நமக்கு இது புதிதாக வந்த சிக்கல். தோட்டத்தில் இருந்தவரை எவரும் இதைப் பற்றி யோசித்ததில்லை. லயத்து வீடு சிறியதுதான். ஆனால் வாசல் பெரியது. சாவு விழுந்த வீட்டு முன்னால் விடிவதற்குள் பந்தல் நிற்கும். பக்கத்து வாசல்களும் துக்க வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். கோயில் திடலும், காலையில் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பின்னர் ரப்பர், செம்பனைக் காடுகள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மாசாய், ஸ்கூடாய், உலு திராம், கூலாய் என்று சனம் நகரத்துக்கு வந்தது. பலருக்குக் கிடைத்தது மலிவு விலை அடுக்குமாடி. கூரையும் குழாய்த் தண்ணீரும் கிடைத்தன, நல்லது. வாசல் போய்விட்டது.

மின்தூக்கி இல்லாத நான்கு, ஐந்து மாடிக் குடியிருப்பில் ஒரு சாவு வீட்டுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். கூடத்தில் பெட்டியை வைத்தால் சுற்றிலும் ஏழெட்டுப் பேர்தான் நிற்கலாம். மற்றவர்கள் நடைபாதையிலும் படிக்கட்டிலும் வரிசையாக நிற்பார்கள். நீராட்டிய தண்ணீர் எதிர் வீட்டு வாசல்வரை ஓடும். அந்த வீட்டுச் சீனப் பெண்மணி ஒன்றும் சொல்லாமல் காலணிகளை எடுத்து உள்ளே வைப்பார். கிள்ளானிலிருந்து அக்காவின் முகத்தைப் பார்க்க வந்த தங்கை, முட்டி வலியால் படியேற முடியாமல் காரிலேயே அழுதுகொண்டிருப்பார். இறக்கும்போது படி திரும்பும் இடத்தில் பெட்டி திரும்பாது. அதைச் சரித்து நிமிர்த்தித் தூக்கும்போது, கால்மாட்டில் பிடித்திருக்கும் மகனின் முகத்தைப் பார்க்க முடியாது. மின்தூக்கி இருக்கும் கட்டடத்திலும் பெட்டி பெரும்பாலும் அதற்குள் நுழைவதில்லை. வாழ்ந்தவருக்குக் கொடுக்கும் கடைசி மரியாதை இப்படியா இருக்க வேண்டும்?

பாலத்துக்கு அந்தப் பக்கம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் அதைப் பார்த்திருப்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடங்களின் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்தே விட்டிருக்கிறார்கள். அனுமதி வாங்கி மலாய்க்காரர் கல்யாணம் வைக்கிறார்; சீனர் தம் வழக்கப்படி மூன்று நாளோ ஐந்து நாளோ துக்கம் காக்கிறார்; நம்மவர் உடலைக் கிடத்தித் திருமுறை ஓதி வழியனுப்புகிறார். மழை நனைக்காது, படியேற வேண்டாம், வண்டி பக்கத்திலேயே வந்து நிற்கும்.

ஆகவே நகராண்மைக் கழகத்துக்கு என் யோசனை இதுதான். மண்டபத்தோடு, அதிலிருந்து சற்றுத் தள்ளி, சுவரில்லாத ஒரு கூரைத்தளம் கட்டுங்கள். சாய்வுத்தளம், இரண்டு மூன்று தண்ணீர்க் குழாய்கள், நீர் ஓடி வடியக் கால்வாய், விளக்கு, மின்விசிறி, மறைவாக நீராட்ட ஓர் அறை, சவ வண்டி நேரே வந்து நிற்க வழி. மண்டபத்துக்கு ஆகும் செலவில் இது சிறு பங்குதான். சமையலுக்கும் தனிக் கட்டடம் வேண்டாம். பின்புறம் கூரையும் கால்வாயும் உள்ள திறந்தவெளி போதும். அவரவர் அடுப்பையும் பாத்திரத்தையும் அவரவரே கொண்டு வரட்டும். ஹலால் குறித்து எவருக்கும் சங்கடம் வராது.

ஏன் தள்ளிக் கட்ட வேண்டும்? சாவு நடந்த இடத்தில் கல்யாணமா என்று நம் வீடுகளில் கேட்பார்கள். அந்தத் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் மண்டபம் காலியாகத்தான் கிடக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கூரை, தனித்தனி வாசல் இருந்தால் பிரச்சினை முடிந்தது. துக்கம் இல்லாத நாள்களில் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிக்கட்டும், தாத்தாக்கள் பேசிக்கொண்டிருக்கட்டும்.

கட்டினால் மட்டும் போதாது. அலுவலகம் மாலையில் மூடிவிடும். சனி, ஞாயிறு விடுமுறை. இரவு இரண்டு மணிக்குத் தகப்பனை இழந்தவன் படிவம் பூர்த்தி செய்து முன்பணம் கட்டக் காத்திருக்க முடியாது. குடியிருப்பாளர் சங்கத்தில் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்து, ஒரு தொலைபேசி அழைப்பிலேயே திறந்துவிட ஏற்பாடு வேண்டும். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை யார் போய்ச் சொல்வது? நம் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர். மாநில அரசு நியமிப்பவர்கள். 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமையேற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் வர வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. வாக்குக் கேட்டு யாரும் நம் வாசலுக்கு வரப்போவதில்லை என்பதால், நாம்தான் அவர்கள் வாசலுக்குப் போக வேண்டும்.

போவதற்கு வழி உண்டு. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். ஊராட்சி மன்றத்தின் முழுக்கூட்டம், மன்றம் வேறு முடிவு எடுத்தாலொழிய, பொதுமக்களுக்குத் திறந்தது. பினாங்கில் 2012 முதல் மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரண்டு நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து, பொதுப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று அடுக்குமாடிவாசிகளையே வாக்களித்துச் சொல்ல வைத்தன. அதை ஜொகூரிலும் செய்யலாம்.

நாமோ அடிக்கல் நாட்டும் நாளில் மாலையோடு போகிறோம். திறப்பு விழாவுக்குப் பிறகு குறை சொல்கிறோம். வரைபடம் தாளில் இருக்கும்போது ஒரு கோட்டை மாற்றச் செலவில்லை. சிமெண்டு காய்ந்த பிறகு எவராலும் மாற்ற முடியாது. உங்கள் தாமானில் மண்டபப் பேச்சு எழுந்தால், கோயில் நிர்வாகம், சீனர் சங்கம், சூராவ் குழு மூன்றையும் சேர்த்துக்கொண்டு ஒரே கடிதமாக எழுதிக் கொடுங்கள். சாவு எல்லார் வீட்டுக்கும் வருகிறது என்பதால், மூன்று இனமும் தயங்காமல் கையெழுத்துப் போடக்கூடிய கோரிக்கை இது.