கம்பி குத்துவது தலைவிதியா?

போடியிலும் ஏலமலைச் சரிவிலும் வீடு கட்டுவோர் வாஸ்துவுக்கும் பூமி பூசைக்கும் தாராளமாய்ச் செலவிடுகிறார்கள். வீட்டைத் தாங்கப்போகும் கம்பியோ ஐப்பசி மழையில் சேற்றில் கிடக்கிறது! செதில் செதிலாய்த் துருவேறிய கம்பியைக் கான்கிரீட் பற்றாது. எந்தச் சாமி வந்து பற்றவைக்கும்?

நெடுநாள் வைப்பதானால் தரைக்குமேல் 150 மில்லிமீட்டராவது உயர்த்தி, அளவுவாரியாய்ப் பிரித்தடுக்கும்படி இந்தியத் தரவிதி 4082 கூறுகிறது. சரிவில் உருளாதபடி முளையடித்து, தார்ப்பாயும் போடவேண்டும். மின்கம்பியருகே நீளக் கம்பியை நிமிர்த்தலாகாது.

தூண் கம்பிகளின் முனையை மூடாமல் விட்டுவிட்டு, தவறி விழுந்த சித்தாளை அது குத்தினால் ‘தலைவிதி’ என்கிறார்கள். அது விதியன்று, வேலை வாங்குபவரின் அலட்சியமே என்கிறோம் நாம்.

தோழர்களே! பூசைப் பணம் முனைமூடிக்கும் கையுறைக்கும் போகட்டும். அதைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை என்பதே நமது அபிப்பிராயம்.